அந்த ஒரு நாள்

அண்ணன் மலையைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூறுகளில் பாறசாலையிலிருந்து எங்கள் சபையைச் சேர்ந்த ஆறு பேர் இமயமலையில் நடக்கப் போனோம். அண்ணன்தான் தலைவன். நான் பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர். வழிகாட்டி சொல்வதை மற்றவர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டுமே என்றுதான் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் கேரள-தமிழ்நாடு எல்லையோர மலையில் ஏறுகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. இளவட்டங்களுக்குள் ஒரு வீம்பும் உண்டு. அடிவாரத்தில் கிளம்பினால் உச்சிவரை உட்காரக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது. உட்கார்ந்தவனை வருஷம் முழுக்கக் கேலி செய்தே கொல்வார்கள். அண்ணன் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடுகிற மலை அது. அதை வைத்துக்கொண்டு இமயமலையை அளந்தான் மடையன்.

நடக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் ஒரு மலைக் கிராமத்தில் தங்கினோம். வழிகாட்டி என்னிடம் நிதானமாகச் சொன்னார். “நாளைக்கு மேலே போக வேண்டாம். ஒரு நாள் இங்கேயே இருங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். உடம்பு இந்தக் காற்றுக்குப் பழகட்டும். அவசரப்பட்டு ஏறினால் முதலில் தலைவலி வரும், அப்புறம் மூளையில் நீர் கோர்க்கும். ஆள் செத்துப்போவான்.” கடைசி வார்த்தையை இரண்டு தடவை சொன்னார்.

கூட்டாளிகள் நடுவில் நின்ற அண்ணன், “என்னவாம்?” என்றான்.

“முடிஞ்சா ஒரு நாளு தங்கச் சொல்லுதாரு அண்ணே.”

அவ்வளவுதான் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் அண்ணனை மறுத்துப் பேசக் கூடாது என்று சாவை விழுங்கிவிட்டேன். அந்த மரியாதையை நினைத்தால் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

“தங்கவா? உக்காராம ஏறுனவனாக்கும் நான்” என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி எவ்வளவோ தடுத்தும் மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டான். வேறு வழியில்லாமல் அவரும் கூட வந்தார். வழியில் அண்ணன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மதியம் மேலே கூடாரம் போடும் இடத்துக்கு வந்து சேர்ந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டான். வாந்தி எடுத்தான். “வாயுவாக்கும்” என்று ஒருவர் இஞ்சியைக் கடிக்கக் கொடுத்தார். எங்கள் ஊரில் நெஞ்சு வலித்தாலும் வாயு, தலை சுற்றினாலும் வாயு. அண்ணன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டப் பார்த்தான். விரல்கள் நாடாவைத் தேடிக்கொண்டே இருந்தன, முடிச்சு விழவில்லை.

வழிகாட்டி கம்பால் மண்ணில் ஒரு கோடு போட்டு, குதிகாலோடு விரலைச் சேர்த்து அதன்மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் அண்ணன் சரிந்தான். “கள்ளு குடிச்சவனப் போல உண்டே” என்று ஒருவன் சிரித்தான். வழிகாட்டி சிரிக்கவில்லை. “இப்போதே கீழே இறக்க வேண்டும், காலைவரை வைத்திருக்கக் கூடாது” என்றார். சொன்னேன்.

எங்களில் மூத்தவர், “நாளைக்குக் காலத்த பாக்கலாம் மக்கா. இப்பம் ஜெபிப்போம்” என்று கண்ணை மூடினார்.

“கண்ணத் தொறங்க!” என்று கத்தினேன். “தங்காட்டா செத்துப்போவும்ணு நேத்தே சொன்னாரு. நான்தான் சொல்லல்ல! எறக்குங்க இவன!”

அண்ணனை அவன் இவன் என்று நேருக்கு நேர் சொன்னது அதுவே முதல் தடவை. நானே ஷூவைக் கட்டிவிட்டேன். வழிகாட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தாங்கி இறக்கினோம். பாதி வழியில் அண்ணன் என்னைப் பார்த்து, “நீ ஏது வீட்டுப் பிள்ளே?” என்று கேட்டான். அவன் கையை என் தோளில் இறுக்கிப் போட்டுக்கொண்டு நடந்தேன். இருட்டுவதற்குள் கீழ்க் கிராமம் வந்துவிட்டது. மறுநாள் தெளிவாக எழுந்து, “நாம எப்பம் எறங்குனோம்?” என்றான்.

ஊருக்கு வந்த பிறகு சபையில் எழுந்து, கர்த்தர் காப்பாற்றினார் என்று சாட்சி சொன்னான். மேலே முழங்காலில் நின்று ஜெபித்தானாம், தைரியமாக நடந்து இறங்கினானாம். வழிகாட்டி அதில் இல்லவே இல்லை. முன் பெஞ்சில் எட்டு வாலிபப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அதே மலைக்கு டிக்கெட் எடுத்திருந்தவர்கள். “பயப்படாண்டாம், நம்ம மலையப் போலத்தான்” என்றான் அவர்களிடம்.

எழுந்துவிட்டேன். “அண்ணே, உனக்க ஷூவ அண்ணைக்குக் கெட்டினது ஆரு?”

சபை திரும்பிப் பார்த்தது. அவனுக்குத் தெரியாது. அந்தச் சாயங்காலத்தில் ஒரு நிமிஷம்கூட அவன் ஞாபகத்தில் இல்லை. வழிகாட்டி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நான் அங்கே சொன்னேன், சாவையும் சேர்த்து.

ஆராதனை முடிந்ததும் பிள்ளைகளை முற்றத்துக்குக் கூட்டிப்போய் மண்ணில் கோடு போட்டு நடக்கப் பழக்கினேன். “இதுல ஒருத்தருக்குக் கால் தவறினாலும் அந்த நிமிஷமே எறக்கணும்” என்று அதட்டினேன்.

கேட் பக்கத்தில் நின்ற அண்ணன் மெதுவாகச் சொன்னான். “அங்க ஒரு நாளு தங்கணும் மக்கா. நான் தங்கல்ல.”

பிள்ளைகளைப் பார்த்துத்தான் சொன்னான், என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்த முற்றத்திலும் ஒரு சண்டைதான் வந்திருக்கும்.