காளைக் காசின் திருநீறு

என்னிடம் முப்பத்திரண்டு பழங்காசுகள் இருந்தன. பெரும்பாலும் செம்பு, இரண்டு வெள்ளி, ஐந்து காரீயம். அந்த ஐந்தும்தான் என் செல்லங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஒருபக்கம் திமிலோடு நிற்கும் காளை. பல்லவர் காலத்தது என்றும், திருவதிகைப் பக்கம் கெடில ஆற்று மணலில் அரித்தெடுத்தது என்றும் நாணயக் கண்காட்சியில் விற்றவர் சொன்னார். விற்கிறவர்கள் ஆயிரம் சொல்வார்கள். எனக்கு நம்ப ஆசையாக இருந்தது, நம்பினேன்.

பத்து வருடம் அவை ஒரு பழைய டிபன் பாக்ஸில், பேப்பரில் மடித்தபடி, பீரோவுக்குள் தூங்கின. ஒரு குறையும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் டப்பாவைத் திறந்து மடிப்பைப் பிரித்துக் காட்டுவது எனக்குத்தான் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வெள்ளையடித்த கையோடு ஆசாரியைக் கூப்பிட்டு, ஹாலில் ஒரு கண்ணாடி ஷோகேஸ் செய்யச் சொன்னேன். புது மரம், ப்ளைவுட், பசை போட்டு ஒட்டிய சிவப்பு வெல்வெட், மேலே சின்ன எல்.இ.டி. விளக்கு. கடற்காற்று படக்கூடாது என்று கதவு விளிம்பில் ரப்பர் வைத்து இறுக்கச் சொன்னதும் நான்தான். பிளக் பாயிண்ட் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்ததால் ஷோகேஸும் அங்கேயே நின்றது. வேறு எண்ணம் ஒன்றும் கிடையாது.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

எட்டு மாதம் ஷோகேஸைத் திறக்கவில்லை. பிராக்டிகல், ரிவிஷன், பேப்பர் திருத்தல் என்று நாள் ஓடியது. காளைக் காசுகளின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. லீவில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணியோடு போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது வினிகர் வாடை. எங்கள் லேபில் அசிட்டிக் அமில பாட்டிலைத் திறந்தால் வருமே, அதே வாடை. நான் குனிந்து பார்த்தேன். காளை இல்லை. காசுகள் இருந்த இடத்தில் வெள்ளைப் பொடிதான் இருந்தது. ஒன்றை விரலால் தொட்டேன், அப்பளம்போல நொறுங்கியது.

ஆயிரத்துச் சொச்சம் வருடம் ஆற்று மணலில் கிடந்தும் தாக்குப்பிடித்த காசு, என் ஹாலில் எட்டு மாதம் தாங்கவில்லை. புது மரமும் பசையும் அமில ஆவி விடும், மூடின பெட்டியில் அது போக வழியில்லை, காரீயத்தைப் பிடித்துத் தின்றுவிடும். இதற்குச் சமன்பாடு எழுதச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பொடியில் விரல் தடம் இருந்தது. இரண்டு காசுகளின் இடத்தில் பொடியே இல்லை, யாரோ வழித்தெடுத்த மாதிரி வெல்வெட் மட்டும் இருந்தது. ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அக்காதான் எடுத்துக்கினு போச்சு. வெள்ளிக்கெழமயில வந்து ஒரு சிட்டிகை எடுக்கும்," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"எத எடுத்தாங்க?"

"அதான், அந்த விபூதிய."

அந்தப் பொடி காரீயத்தின் உப்பு. உடம்புக்குள் போனால் விஷம். நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அடுத்த தெருவிலிருக்கும் அவர் அக்கா வீட்டுக்கு, அதாவது என் அண்ணி வீட்டுக்கு, ஓடினேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, காசு மேல இருந்த பொடிய இன்னா பண்ணீங்க?"

"பாப்பாவுக்குத்தான் குடுத்துட்டு வந்தேன். ஏன்?"

பாப்பா என்றால் அண்ணியின் மகள். சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு முறை கரு தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகி, அப்போது ஐந்தாம் மாதம். ஓயாமல் வாந்தி, வயிற்று வலி. அண்ணி போகாத கோயில் இல்லை.

"திருவதிகைக் காசு. நந்தி நிக்குது. தானா திருநீறு பூக்குது. வயித்து வலிக்கு அதவிட இன்னா மருந்து வேணும்?" என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. தேவாரம் பாடிய தம்பியின் சூலை நோயை, அந்தத் தீராத வயிற்று வலியை, அக்காள் திருநீறு கொடுத்துத் தீர்த்த ஊர் திருவதிகை.

"அது திருநீறுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்று கத்தினேன்.

"இன்னாம்மா கத்துற? நீதானே சொன்ன! வெள்ளையா இன்னா பூத்திருக்குன்னு கேட்டேன். ஒங்க நந்தி விபூதி பூசிக்கினு உக்காந்திருக்காரு, கும்புட்டுக்குங்கன்னு சொல்லிட்டுப் போனியே."

சொன்னேன். ஸ்பெஷல் கிளாஸுக்கு நேரமாகிவிட்டதென்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். அண்ணியின் பக்தியைக் கிண்டல் செய்வதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவர் கிண்டலென்று எடுத்துக்கொள்ளவில்லை, வாத்தியாரம்மா வாக்கென்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"நெத்தியில வச்சாளா, வாயில போட்டாளா?"

"ரெண்டுந்தான். தண்ணியில கலக்கிக் குடிக்கிறா. இனிக்குதுன்னாளே! நம்ம சாமி திருநீறு இனிக்காம?"

வினிகர் அமிலம் தின்ற காரீய உப்பு இனிக்கும். தூங்குகிற பிள்ளைகளை எழுப்புவதற்காக வகுப்பில் நானே இதைச் சொல்வதுண்டு.

உண்மையைச் சொன்னேன். வேறு வழியில்லை. அண்ணி அரிசியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "எம் பொண்ணுக்கு நானா வெசத்தக் குடுத்தேன்?" என்று மட்டும் கேட்டார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பாப்பாவுக்கு போன் போட்டோம், மணி அடித்துக்கொண்டே இருந்தது. சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தோம். கெமிக்கல் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் குடிகாடு தாண்டும்போது பஸ்ஸில் எல்லோரும் வழக்கம்போல மூக்கைப் பொத்தினார்கள். அந்த இடம் வந்தால் கெமிக்கல் வாடையைப் பற்றி நான் ஒரு சொற்பொழிவே ஆற்றுவேன். அன்று வாயைத் திறக்க வெட்கமாக இருந்தது. நான் விஷத்தை ஹாலில் வைத்து விளக்குப் போட்டிருக்கிறேன்.

பாப்பா வாசலிலேயே நின்றிருந்தாள். போன் சார்ஜில் கிடந்ததாம். பேப்பரில் மடித்த பொட்டலங்களைக் கேட்டேன். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள், மூன்று மிச்சம் இருந்தது. அவள் என்னிடமே வேதியியல் படித்தவள். சாமி, சடங்கு எதிலும் அவ்வளவு பிடிப்பில்லாதவள்.

"ஒனக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்க கெடையாதே. எப்படிம்மா வாயில போட்ட?"

"அம்மா கோயில்லேர்ந்து கொண்டாந்திருந்தா போட்டிருக்க மாட்டேன் அத்த. ஒங்க வீட்லேர்ந்து வந்துச்சு. கெட்டதா இருந்தா நீங்க விட்டிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. என்னை நம்பித்தான் அவள் குடித்திருக்கிறாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். காரீயம் இருந்தது, இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே. டாக்டரம்மா திட்டவில்லை. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குப் பேச்சு, காது, படிப்பு எல்லாம் எப்படி வரும் என்பது வளர வளரத்தான் தெரியும் என்றார். அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பெண் குழந்தை பிறந்தது. இப்போது ஒன்றேகால் வயது. நன்றாக நடக்கிறது, பால் குடிக்கிறது, எல்லோரும் கொஞ்சுகிறார்கள். நான் மட்டும் அதன் முதுகுப் பக்கமாக நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன். திரும்புகிற வரைக்கும் எனக்கு மூச்சு நிற்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வாரம் பாப்பா கடலூருக்கு வந்திருந்தாள். அவர்களைப் பார்க்க அண்ணி வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று, அடங்கின குரலில் குழந்தையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். குழந்தை திரும்பவில்லை. என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவைதான் அது திரும்பிச் சிரித்தது.

"வெளயாட்டுக் கவனத்துல இருந்திருக்கும் அண்ணி," என்றேன்.

அண்ணி மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.