தண்ணீரில் மிதந்த மூன்று சீட்டுகள்

கிருஷ்ணகிரியில் ஒரு டாக்டரிடம் நான் கம்பவுண்டராக இருந்தபோதுதான், ஐம்பதுகளின் கடைசியில், கிரெயின் என்ற பழைய எடைக் கணக்கு போய் மில்லிகிராம் வந்தது. புது எடைகள் ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேர்ந்தன. அதில் கடைசி எடை ஒரு மில்லிகிராம். ஈயின் சிறகளவு தகடு, மூச்சு விட்டால் பறந்துவிடும். டாக்டர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கும் கீழே மைக்ரோன்னு ஒண்ணு இருக்காம்யா. அதை எந்தத் தராசுல போடறது?"

அட்ரோபின் என்ற வெள்ளைத் தூள் வயிற்றிழுப்புக்குக் கைகண்ட மருந்து. அளவு மீறினால் விஷம், புத்தி பேதலிக்கும். குழந்தைக்கு ஒரு வேளைக்கு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குதான் தரலாம். அது எங்கள் தராசில் நிற்காது. அதனால் ஒரு பங்கு மருந்தோடு ஒன்பது பங்கு பால்சர்க்கரை சேர்த்து அரைப்பேன். அரைத்ததில் ஒரு பங்கு எடுத்து மறுபடி ஒன்பது பங்கு சேர்ப்பேன். இன்னொரு முறையும் அப்படியே. மூன்று புட்டிகளிலும் டெசி, சென்டி, மில்லி என்று நானே சீட்டு எழுதிக் கஞ்சிப் பசையால் ஒட்டினேன். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று. கண்ணுக்கு மூன்றும் ஒரே வெள்ளை. குழந்தைகளுக்கு மில்லிதான்.

சர்க்கரை இருந்தால் எறும்பு சும்மா இருக்குமா? வீட்டில் செய்வது போலவே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மூன்று புட்டிகளையும் அதில் வரிசையாக நிறுத்தி வைத்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் காவேரிப்பட்டினம் பக்கத்து விவசாயி ஒருவர் ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். வயிற்றிழுப்பு. மில்லி எப்போதும் நிற்கும் வலது ஓரத்துப் புட்டியிலிருந்து மூன்று பொட்டலம் மடித்துக் கொடுத்தேன். சீட்டைப் பார்க்கவில்லை. எந்தப் புட்டி எங்கே என்று கைக்கே தெரியும் என்ற தலைக்கனம்.

மத்தியானம் தட்டில் தண்ணீர் மாற்றப் போனேன். சீட்டுகள் மூன்றும் தண்ணீரில் மிதந்தன. முந்தின நாள் தண்ணீர் மாற்றும்போது புட்டிகளை வெளியே எடுத்து வரிசை பார்க்காமல் திரும்ப வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மில்லியை முந்தின நாள்தான் கழுத்து வரை நிரப்பியிருந்தேன். அந்த நிறைந்த புட்டி இடது ஓரத்தில், கரண்டி படாமல் அப்படியே நின்றது. வலது ஓரப் புட்டியில் கரண்டி அள்ளிய குழி.

அது சென்டியா, டெசியா? சென்டியானால் பத்து மடங்கு, பிழைத்துக்கொள்வாள். டெசியானால் நூறு மடங்கு. டாக்டர் ஓசூர் போயிருந்தார். யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன்.

நல்ல வெயில். அந்த வீட்டு வாசலில், மாமரத்தடிக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. கருமணி விரிந்து, கண்ணில் அது மட்டும்தான் இருந்தது. எதிரே ஒருவர் வேப்பிலை அடித்துத் தெலுங்கில் எதையோ போ போ என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. இரண்டு விரலால் காற்றிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளி எடுத்து மறு உள்ளங்கையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இடுக்கியால் நான் எடைத்தகடு எடுப்பது அப்படித்தான்.

"என்ன பாப்பா எடுக்கற?"

"பொடி," என்றாள். தொண்டை வறண்டு குரல் கரகரத்தது. "பொடிப்பொடியா வந்துட்டே இருக்குது."

அப்பா கைகூப்பினார். "ஒரு பொட்டலம் குடுத்தோமுங்க சார். செத்த நேரத்துல காத்து கருப்பு அண்டிக்கிச்சுங்க. நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "மிச்சப் பொட்டலத்தக் குடுங்க, இனி வேண்டாம்" என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவள் நாடியைப் பிடித்தபடி, துணியை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயச் சாயத் துடிப்பு இறங்கியது. தண்ணீர் கேட்டாள். சென்டிதான். என் புத்தியால் அல்ல, புட்டி நின்ற இடத்தால் பிழைத்தாள்.

வேப்பிலைக்காரருக்கு ஒரு சேவல் கிடைத்தது. எனக்கு ஒரு கும்பிடு. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அவள் என்னைக் கூப்பிட்டாள். என் சட்டைப் பையிலிருந்து இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.

"இது உன்னுது மாமா."

ஆற்றுப் பாலம் தாண்டும் வரை ஒற்றைக் கையால்தான் சைக்கிளைத் தள்ளினேன். மூடிய கையைத் திறக்கப் பயமாக இருந்தது.