தென்னேரிக்குப் போகாத கார்

அண்ணி கோபித்துக்கொண்டு தென்னேரியில் இருந்த தாய்வீட்டுக்குப் போனதற்கு அந்தக் கார்தான் காரணம். எழுபதுகளின் தொடக்கம் அது. யாரோ தலைமுழுகிய பழைய சீமைக் காரை அண்ணன் வாங்கிவந்து வீட்டுப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினான். எஞ்சினைச் சுற்றியிருந்ததையெல்லாம் கழற்றி வீட்டுக்குள் பரப்பினான். அம்மிக்குப் பக்கத்தில் டைனமோ, அரிசிப் பானை மேல் கார்புரேட்டர். அண்ணி ரசம் வைக்கும் ஈயச் சொம்பில் மண்ணெண்ணெய் ஊற்றி அவன் கார்புரேட்டரைக் கழுவிய அன்று, அவள் பெட்டியைத் தூக்கிவிட்டாள். நானாக இருந்தால் சொம்பை அவன் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

வாசலில் நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்: "இந்த வண்டி ஓடட்டும். அதுலயே வந்து இட்டுக்கினு போங்க."

அவள் ஏளனமாகத்தான் சொன்னாள். அண்ணன் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு தறியை விட்டு எழுந்ததும் எஞ்சினுக்குள் தலையை விட்டுவிடுவான். எல்லாம் மாட்டி முடித்ததும் ஒரு போல்ட் மிஞ்சும், மறுபடியும் கழற்றுவான். வாட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், டைனமோ என்று ஒருவழியாக எல்லாம் இடம் சேர்ந்தன. கடைசியில், டைனமோவையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுற்றும் ஃபேன் பெல்ட். டைனமோவை வெளிப்பக்கம் தள்ளி முடுக்கினால் பெல்ட் இறுகும். அண்ணன் நெசவுக்காரன். தறியில் பாவு நூல் தொய்ந்தால் புடவை போச்சு என்பது அவன் கையில் ஊறிய பாடம். கடப்பாரை கொடுத்து நெம்பி, சுண்டினால் விண்ணென்று ஒலிக்கும்வரை பெல்ட்டை இழுத்து முடுக்கினான். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

வண்டி ஓடியது. வந்து அழைத்துப்போவதாக அண்ணன் அண்ணிக்குச் சொல்லியனுப்பினான். மடியில் பூவோடு நானும் ஏறிக்கொண்டேன். வாலாஜாபாத் தாண்டியதும் முன்பக்கம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பிறகு ஏதோ நொறுங்கும் சத்தம், ஒரே ஆவி. ஒரு லாரி டிரைவர் இறங்கிப் பார்த்தார். பெல்ட் இழுத்த இழுப்பில் பம்பின் பேரிங் போய்விட்டது, கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் கொஞ்சம் அமுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

தென்னேரி பஸ் வந்தது. நான் கைகாட்டி நிறுத்தி, ஏறு என்று அவனைக் கெஞ்சினேன்.

"வண்டியில வரேன்னு சொல்லி அனுப்பிட்டேன்மா," என்றான். "வண்டியிலதான் போவணும்."

கண்டக்டர் எங்களைத் திட்டிவிட்டு விசில் ஊதினார். அன்றைக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. மாட்டைப் பூட்டித்தான் காரை வீட்டுக்கு இழுத்துவந்தோம்.

பங்குனித் திருவிழாக் கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு பொட்டிய வெச்சிக்கினு ரோட்டுலயே நின்னுக்கினு இருந்தேன்மா. பஸ்ஸு வந்துச்சி, அவரு எறங்கல. பஸ்ஸுல வந்திருந்தாகூட கெளம்பியிருப்பேன்."

இப்போது வருவாயா என்று கேட்டேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அழுகையை அடக்கிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அவன் சந்தில் இருந்தான். புதுப் பம்ப் மாட்டி, புது பெல்ட்டும் போட்டு முடுக்கியிருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே அதைச் சுண்டிக் காட்டினான். விண்ணென்று ஒலித்தது.