வயிற்றுவலி என்று வந்தவர்கள்

ஷூ கம்பெனி நர்ஸ் மூன்று வலிகளுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும்: தலைவலி, வயிற்றுவலி, அப்புறம் இந்த இரண்டின் பெயரையும் சொல்லிக்கொண்டு வருகிற வேறு ஏதோ ஒரு வலி. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், எல்லாரும் ‘சிஸ்டர் ரூம்’ என்று சொல்கிற ஒற்றைக் கட்டில் அறையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவள்தான். ஆனால் நான் வாயடைத்துப் போய் நின்றதெல்லாம் இங்கேதான். காலையில் கார்டு தேய்த்து உள்ளே போய், சாயங்காலம் வரை ஒன்றுமே ஆகாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறவர் நீங்களும் என்றால், உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

பதினோரு மணி

வசந்தா தையல் பிரிவில் இருந்தாள். குடியாத்தத்திலிருந்து வருகிறவள். தினமும் பதினோரு மணிக்கு வயிற்றுவலி என்று வருவாள். மாத்திரை கொடுப்பேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, கட்டிலில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். ஒன்றரை மாதம் இப்படியே போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் ஒரு துணிப் பையோடு வந்து மேஜையில் கவிழ்த்தாள். நான் கொடுத்த மாத்திரைகள், ஒன்றுகூடக் குறையவில்லை. வீட்டில் புருஷனுடைய விசைத்தறிச் சத்தம், இங்கே மிஷின் சத்தம், நடுவில் பஸ் சத்தம். நாள் முழுக்க யாரும் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடாத இடம் இந்தக் கட்டில் ஒன்றுதான் என்றாள். தனக்கு என்ன மருந்து வேண்டும் என்று என்னைக் கேட்காமலே கண்டுபிடித்து, அளவாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். “வயித்துல ஒண்ணும் இல்ல சிஸ்டர். மாத்திர வேணாம், கட்டில் மட்டும் போதும்.”

நிம்மதி பற்றி ஒரு பேச்சு

மனதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பேச சென்னையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். மிஷின்களை நிறுத்திவிட்டு, இரண்டு லைன் ஆட்களைச் சாப்பாட்டுக் கூடத்தில் தரையில் உட்கார வைத்தார்கள். அவர் கண்ணை மூடச் சொன்னார். மூச்சை இழுத்து விடச் சொன்னார். உங்களுக்குப் பிடித்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஐந்து நிமிஷத்தில் கூடமே தூங்கிவிட்டது. ஒருத்தி தோளில் ஒருத்தி, மடியில் ஒருத்தி. அத்தனை பேர் மூச்சுவிடுகிற சத்தத்தை நான் அதற்கு முன் ஒரே இடத்தில் கேட்டதில்லை. பேச வந்தவர் மைக்கை அணைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக வந்து என் பக்கத்தில் நின்றார். மேனேஜர்கூட வாசலோடு நின்றுவிட்டார். எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை. டீ மணி அடித்ததும் எழுந்த ஓர் அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அந்த சார் ரொம்ப நல்லா பேசினாரு. வாராவாரம் வரச் சொல்லுங்க.”

பக்கத்து ஸ்டூல்

செல்வியும் நூர்ஜஹானும் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரு புதன்கிழமை காலையில் செல்வி தன் டிபன் கேரியரை ஒருத்திக்குக் கொடுத்தாள். முடிக் கிளிப்பை இன்னொருத்திக்குக் கொடுத்தாள். ஸ்டூலில் போட்டு உட்காருகிற தலையணையை நூர்ஜஹானிடம் நீட்டி, வெச்சுக்க அக்கா, எனக்கு வேணாம் என்றாள். அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாளாம். மற்றவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். நூர்ஜஹான் மட்டும் ஓடுகிற மிஷினை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து என் அறைக்கு அழைத்து வந்தாள்.

கதவைச் சாத்திவிட்டு நான் நேராகவே கேட்டேன், செத்துவிடலாம் என்று நினைக்கிறாயா என்று.  செல்வி ஆமாம் என்று தலையாட்டினாள். அவளுடைய அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் வந்து சேரும் வரை நூர்ஜஹான் பிடித்த கையை விடவில்லை. இரண்டு ஸ்டூல் காலியானதால் லைன் நின்றுவிட்டது. சூப்பர்வைசர் வந்தார், பிறகு மேனேஜரே வந்தார். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நூர்ஜஹான், அவரை அண்ணாந்து பார்த்து, “ஷூ நாளைக்கும் தைக்கலாம் சார்” என்றாள்.  மேனேஜர், ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். படித்துத் தேறி வந்த எனக்கு அந்தத் தலையணையைப் பார்த்திருந்தால் ஒன்றுமே தோன்றியிருக்காது.

செல்வி இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். இன்றும் மருந்து சாப்பிடுகிறாள், மாதம் ஒரு முறை டாக்டரைப் பார்க்கிறாள். அவள் வந்த முதல் நாள் நூர்ஜஹான் அழவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. தலையணையை எடுத்து அவள் ஸ்டூலில் போட்டாள். “இந்தா, உன்னுது. ஒரே மேடும் பள்ளமும், எனக்கு முதுகு வலி ஜாஸ்தியாப் போச்சு.”

ஆறே முக்கால் பஸ்

சூப்பர்வைசர் முருகேசன் கத்தினால் கேட் வாட்ச்மேன் திரும்பிப் பார்ப்பார். அவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார், வியர்த்து ஊற்றியது. வேலூருக்கு அனுப்பினோம். இருதயம் நன்றாக இருக்கிறது, இது பயத்தினால் வருவது, மனநல டாக்டரைப் பாருங்கள் என்றார்களாம். நான் இன்னா பைத்தியமா என்று என்மேல் எரிந்து விழுந்தார். மூன்றாவது முறை நெஞ்சு அடைத்தபோதுதான் போனார்.

மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. ஒருநாள் காலைக் கூட்டத்தில் அன்றைய டார்கெட்டைச் சொல்லிவிட்டு, ஆட்களைக் கலைந்து போகவிடாமல் நிறுத்தினார். அத்தனை பேர் முன்னால் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. “நாளைக்கு லீவு, டாக்டர பார்க்கப் போறேன். மனசுக்குத்தான். கூட வரணும்னு நெனைக்கிறவங்க ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நில்லுங்க, யாரு வந்தாங்கன்னு நான் வெளிய சொல்ல மாட்டேன்.”

ஊசி

என் அப்பா இறந்த வருஷம். காரியம் முடிந்த கையோடு டூட்டிக்கு வந்துவிட்டேன். எல்லாரையும் ஓய்வெடுக்கச் சொல்கிறவள், எனக்கு ஓய்வு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். சரியாகத் தூங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அப்போது ஃபர்ஸானா என்ற பெண்ணைக் கூட்டி வந்தார்கள். மிஷின் ஊசி நகத்தில் இறங்கி உடைந்து, முனை வெளியே தெரிந்தது. கையுறை போட்டு இடுக்கியை எடுத்தேன். என் கை நடுங்கியது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. ரத்தம் சொட்டுகிற விரலை நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண், இன்னொரு கையால் என் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டாள். நடுக்கம் நிற்கும் வரை அப்படியே பிடித்திருந்தாள். ஊசி வந்தது.

கட்டுப் போட்டு அவளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே எனக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். எனக்கே உடம்பு சரியில்லை என்று எப்போது தெரிந்தது என நான் பார்க்கப் போன டாக்டர் கேட்டபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஃபர்ஸானா சொன்னதைத்தான் அவரிடம் சொன்னேன். “நிதானமா எடுங்க சிஸ்டர், எனக்கு இன்னா அவசரம்.”

இந்த வேலைக்கு எடுத்தபோது முதலுதவி தெரிய வேண்டும் என்றுதான் சொன்னார்கள், யார் யாருக்கு முதலில் உதவுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை.