என் மனைவியின் இரத்தம் கரைந்தபோது அம்மன் என் வாயைத் திறந்தாள்

எழுபத்தெட்டாம் வருடம், தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்தபோது என் மனைவி பாக்கியத்தின் கண்கள் மஞ்சளாகியிருந்தன. முகமும் கைகளும் பித்தளை நிறம். சிறுநீர் பாலில்லாத கோப்பி மாதிரிக் கறுப்பாகப் போனது. நான் பயந்துபோனேன். ஆனால், அம்மன் அடியார்களே, அவள் உயிருக்காக மட்டும் நான் பயப்படவில்லை. என் வேலைக்காகவும் பயந்தேன்.

நான் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டப் போகாமல், ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தேன். குனோங் ராபாட்டில் வாடகை வீடு. மூன்று பெண் பிள்ளைகள். பாக்கியம் நான்காவது முறை உண்டானபோது, இதுவும் பெண்தான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். கலைத்துவிடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். இரண்டு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் கையால் சாப்பிடவில்லை. பிள்ளைகள் எதிரிலேயே அவளை இழிவாகப் பேசினேன். கடைசியில் அவள் வாய் மூடிப் போனது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அந்தச் செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லகாட்டில் கருக்கலைக்கும் ஒரு பெண்ணின் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனேன். நாலு மாதக் கர்ப்பம். உள்ளே அரைமணி நேரம். நான் வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவளுக்குக் குளிர் ஜுரம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வயிறு உள்ளுக்குள்ள வேகுது" என்றாள்.

"காலையில பாக்கலாம். அங்க போனா என்னா ஏதுன்னு கேப்பாங்க. என் வேலை போயிடும்லா" என்றேன்.

இதைச் சொன்னவன்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டுக்காரரின் காரில் ஏற்றி, நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். வழியில் அவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: எதையும் சொல்லாதே. அவளை வார்டில் சேர்த்தார்கள். கர்ப்பம் இல்லை, மாதவிலக்கு கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் என்று டாக்டரிடம் நானே சொன்னேன். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஒன்பது மணிக்கு அவள் இரத்தம் என் மேசைக்கு வந்தது. கண்ணாடிக் குழாயை மெஷினில் வைத்துச் சுற்றினேன். சுற்றி எடுத்தால் சிவப்பு அணுக்கள் அடியில் தங்கும், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் நிற்கும். பாக்கியத்தின் குழாயில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு. அடியில் கொஞ்சம் அணுக்கள்தான் இருந்தன. ஊசியை வேகமாக இழுத்தால் அணுக்கள் உடைந்து இப்படி ஆவதுண்டு. அதனால் எங்கள் டெக்னீஷியன், ஒரு சீனர், தானே வார்டுக்குப் போய்ப் பதமாக இன்னொரு முறை எடுத்து வந்தார். அதையும் சுற்றினேன். அதைவிடச் சிவப்பு. அவர் என் தோளில் கை வைத்தார்.

உடம்புக்குள்ளேயே அவள் இரத்தம் கரைந்துகொண்டிருந்தது.

கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் தொட்டியின் முன்னால் நின்று, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஆத்தா, மாரியம்மா, இவளைக் கொடு. மொட்டை போடுகிறேன், பால்குடம் எடுக்கிறேன், பூ மிதிக்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எத்தனை சொல்லியும் ஆறுதல் வரவில்லை. கடைசியில் வேண்டுதல் எல்லாம் தீர்ந்து, "நான் என்ன செய்யணும், ஆத்தா?" என்று மட்டும் கேட்டேன்.

திரும்பினால் வாசலில் வார்டு டாக்டர் நிற்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. பரிசோதனை முடிவைத் தேடித் தானே வந்திருந்தார்.

"மலேரியாக் கிருமி இல்லை. எலிக்காய்ச்சலோ எண்டு யோசிக்கிறன். கர்ப்பம் இல்லை எண்டு நீர்தானே சொன்னீர்?"

சத்தியமாகச் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்ததோ இது:

"நாலு மாசம், டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம லகாட்ல வச்சுக் கலைச்சோம். அவளுக்கு இஷ்டமில்ல. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஓடினார். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு டாக்டர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பிறகுதான் எனக்கு விளக்கினார். மண்ணிலும் அழுக்கிலும் வாழும் ஒரு கிருமி, சுத்தமில்லாத கருவியோடு கர்ப்பப்பைக்குள் போயிருந்தது. காற்றுப் படாத இடத்தில், செத்த சதையில் அது பெருகும். அது கக்கும் நஞ்சு சிவப்பணுவின் தோலை அரித்து உடைத்துவிடும். மருந்து மட்டும் போதாது, கிருமி இருக்கும் இடத்தையே எடுக்க வேண்டும் என்றார். கையெழுத்துப் போட்டேன். பென்சிலின் ஏறியது. என் கூட வேலை செய்தவர்கள், மலாய்க்காரர், சீனர், நம்மவர், வரிசையில் படுத்து இரத்தம் கொடுத்தார்கள். மத்தியானம் அவள் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கலைந்த பிள்ளை ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தகுதியும் எனக்கு இல்லை.

வியாழக்கிழமை காலை அவள் குழாயைச் சுற்றி எடுத்தபோது மேலே சிவப்பு வெளிறி, மஞ்சள் தெரிந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மன் கொடுத்துவிட்டாள்.

கரைந்த இரத்தம் கெடுத்த சிறுநீரகம் தேறி அவள் வீட்டுக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. நான் மொட்டை போட்டேன், பால்குடம் எடுத்தேன். ஆத்தா நான் கேட்டதைக் கொடுத்தாள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொன்னேன். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பாக்கியம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். வந்தவர் போன பிறகு சொன்னாள்:

"நீங்க கேட்டத ஆத்தா குடுத்துட்டா. லகாட்ல படுத்துக் கெடந்தப்ப நானும் கேட்டேன். நான் கேட்டது புள்ளைய."

அவள் அதைச் சொல்லிப் பத்து வருடம் ஆகிறது.

சிகரெட்டை விட்டேன். என் பெண்களைக் குறைத்து ஒரு வார்த்தை என் வாயிலிருந்து பிறகு வந்ததில்லை. எங்கள் வரிசை வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு முடியாமல் போனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நான் போகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது படுத்துக் கிடக்க, நீங்கள் எதையாவது மறைத்துக்கொண்டிருந்தால், நேரம் கடத்தாதீர்கள். டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் அம்மனிடம் அதைக் கேளுங்கள். என்னைப் போன்றவனுக்கே கொடுத்தவள், உங்களுக்கு மறுக்கமாட்டாள்.

பாக்கியம் அதோ பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சபையில் பேசலாமா என்று காலையில் அவளிடம் கேட்டேன்.

"பேசுங்க" என்றாள். "நான் கேட்டதையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.