குருவம்மாள் பாஸான வாரம்

சேத்தூர் குருவம்மாள், ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறார். போன வருடம் சூப்பர்வைசர் இடம் காலியானபோது எல்லோரும் அவரைத்தான் சொன்னார்கள். பத்தாவது பாஸாகவில்லை என்று அது வேறொருவருக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே, நாற்பத்தொரு வயதில், தனித்தேர்வராகப் பரீட்சை எழுதிவிடுவது என்று முடிவெடுத்தார்.

போகவர பஸ்ஸில் படித்தார். வெறும் டைம்பாஸ் என்றாள் பக்கத்து வீட்டு இருளம்மாள். டியூஷன் நாட்களில் கேட் பாஸ் வாங்கி முன்னதாகக் கிளம்பினார். கணவர் பாண்டிதுரை புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்; பதில் சரியா தப்பா என்று அவருக்கும் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார்.

ரிசல்ட் வரவேண்டிய வாரம், செவ்வாய்க்கிழமை, தாங்க முடியாத வயிற்றுவலி. குடல்வால் வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். காற்றுப் பிரியும்வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது குருவம்மாளுக்கு மயக்கம் தெளியவில்லை.

மறுநாள் காலையில் நர்ஸ் வைஜயந்தி வந்து, "பாஸ் ஆச்சாம்மா?" என்று கேட்டார்.

இவருக்கு யார் சொன்னது என்று குருவம்மாளுக்கு வியப்பு. "இல்ல சிஸ்டர். வெள்ளிக்கெழமதான் தெரியும்."

"அம்புட்டு நாள் ஆகக் கூடாதும்மா. இன்னைக்கே ஆகணும்."

"நம்ம கையில என்ன இருக்கு? மத்ததெல்லாம் பரவால்ல. இங்கிலீசுதான் பயமா இருக்கு."

வைஜயந்தி குனிந்து, தான் கேட்டது காற்றுப் பிரிந்ததா என்று காதோடு விளக்கினார். தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு குருவம்மாள் சிரித்த சிரிப்பில் வார்டே எழுந்து உட்கார்ந்து என்னவென்று கேட்டது. அந்தச் சிரிப்பிலேயே வந்த காரியம் முடிந்தது. பதினோரு மணிக்குக் கஞ்சி கிடைத்தது.

வெள்ளிக்கிழமை பாண்டிதுரை போனும் கையுமாக வந்து வாசலில் நின்றார்.

"பாஸ்," என்றார்.

"நல்லது தம்பி. ஒங்களுக்கும் ஆபரேசனா?" என்று அக்கறையாகக் கேட்டார் அடுத்த கட்டிலில் படுத்திருந்த வெள்ளத்தாய்.

குருவம்மாள் போனை வாங்கி ஒவ்வொரு மதிப்பெண்ணாகப் பார்த்தார். இங்கிலீஷில் அறுபத்திரண்டு. கண் நிறைந்துவிட்டது.

ஆகஸ்டில் இன்னொரு இடம் காலியானபோது சூப்பர்வைசர் ஆனார். அடுத்து பிளஸ் டூ. வரலாறா வணிகவியலா என்று புருஷனும் பெண்டாட்டியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.