வெந்நீர் வைக்க விறகில்லையாம்

இன்று காலை மனைவியின் கையில் பழுத்த கட்டியைக் கீற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

முந்தின ஆளின் காலில் சீழ் எடுத்த கம்பவுண்டர், அதே கத்தியை வேட்டியில் துடைத்துவிட்டு இவள் கையைப் பிடித்தார்.

என் கொப்பரைக் களத்தில்கூட அழுகல் வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த தேங்காயைத் தொடமாட்டோம்.

"ஓய், கத்திய வெந்நீர்ல போடும்" என்றேன்.

"வெறவு இல்ல அண்ணாச்சி. மேலிடத்துக்கு எழுதியிருக்கு."

"ஆஸ்பத்திரி முத்தத்துல தென்னமட்டையும் ஓலையும் குமிஞ்சு கெடக்கே?"

"அது ஏலம் போட வச்சிருக்க சர்க்கார் முதலு. தொட்டா எனக்க வேல போயிரும்."

"அப்பம் இவளுக்க கை போனா பரவாயில்லியா?"

நானே மட்டையை இழுத்து அடுப்பு மூட்டினேன். கத்தி கொதித்தபிறகுதான் அவள் கையை நீட்டவிட்டேன்.

கிளம்பும்போது, எரித்த மட்டைக்கு என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் கம்பவுண்டர்.

சர்க்கார் சொத்தை எரித்ததாக வழக்கு வந்தால், சாட்சி சொல்ல யாரெல்லாம் வருகிறீர்கள்?